அவர் ஏன் ஓடவில்லை?

2012 டிசம்பர். நான்கு நாட்களாக விடாத மழை. கீழ் கோத்தகிரியில் மழை என்றால் முதலில் போவது கரண்ட், அடுத்தது பஸ். ஏழாம் செமஸ்டர் பரீட்சை முடித்து லீவுக்கு வந்திருந்தேன். லேப்டாப்பில் இரண்டு மணி நேர சார்ஜ் மிச்சம் இருந்தது. வீட்டிலேயே கதகதப்பான இடம் அடுப்படிதான் என்பதால் அங்கேயே பலகையைப் போட்டு உட்கார்ந்து ஸ்கைரிம் விளையாடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பாயி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி நான் ஒரு பேரரசரைக் கொல்ல வேண்டியிருந்தது.

கப்பலுக்குள் நுழைந்து, காவலர்களை ஒவ்வொருவராகச் சாய்த்துவிட்டு, கடைசி அறைக் கதவைத் திறந்தேன். கிழவர் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். அலறவில்லை. வாளைத் தேடவில்லை. என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் மாதிரி நிதானமாகப் பேசினார். நான் பாதிப் பேச்சிலேயே வெட்டிவிட்டேன்.

"அவரு ஏன்டா ஓடல?" என்றாள் அப்பாயி. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது.

"அவருக்கே சாகணும்னு ஆசை அப்பாயி. நாட்டுல ஒருத்தருக்கும் அவரைப் புடிக்காது. அதான்."

அப்பாயி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"அப்படின்னு ஒங்கிட்ட சொன்னாரா?"

*

2011 நவம்பர் 11 அன்று வெளியான கேம் அது. விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டாம் டைட்டஸ் மீட் ஒரு பெரிய சாம்ராஜ்யத்தின் பேரரசர். எதிரிகளோடு பெரும்போர் நடத்தி, தலைநகரை இழந்து, மீட்டு, அதன் பிறகும் அந்த எதிரிகளோடேயே ஓர் அவமானகரமான சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். மக்கள் கும்பிடும் ஒரு தெய்வத்தை இனிமேல் கும்பிடக்கூடாது என்பது அந்த ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. பாதி நாட்டுக்கு அவர் துரோகி. மீதிப் பாதிக்குக் கையாலாகாதவர். கூலிக்குக் கொலை செய்யும் ஒரு ரகசியக் கூட்டத்தில் நாம் சேர்ந்தால், கடைசியில் நம் கத்தி அவர் முன்னால்தான் போய் நிற்கும்.

அப்போது அவர் சொல்வதன் சாரம் இது: உங்கள் கூட்டத்தைத் தடுக்க முடியாது என்று என் காவல் தலைவரிடம் அப்போதே சொன்னேன். நான் சாக வேண்டும், நீ வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இதை வைத்து விளையாடுகிறவர்களுக்குள் ஒரு பழைய வாதம் உண்டு. மனுஷன் தன் கொலையை உள்ளுக்குள் வரவேற்றார் என்பது. ஒப்பந்தத்தின் குற்ற உணர்ச்சி அவரை அரித்துவிட்டது, விடுதலைக்குக் காத்திருந்தார், நாம் செய்தது ஒரு வகையில் உபகாரம். அப்பாயியிடம் நான் சொன்னதும் அதேதான். எனக்கு அது அன்றைக்கு ரொம்ப ஆழமான விளக்கமாகத் தெரிந்தது. இருபத்தொரு வயது.

அப்பாயி ரொட்டியை என் தட்டில் வைத்துவிட்டு, "பண்டாரநாயக்காவும் ஓடலதான்" என்றாள்.

*

அப்பாயி அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். 1959-ல் அவளுக்குப் பதினேழு வயது. கொழுந்து நிறுத்த வந்த இடத்தில் கங்காணி சொல்லித்தான் சேதி தெரிந்ததாம். "பிரதமர சுட்டுட்டாங்க. சுட்டது ஒரு சாமியாரு." கொழுந்துக் கூடையை இறக்கக்கூட மறந்து நின்றதாகச் சொன்னாள். துக்கத்தால் இல்லை. இனி என்ன நடக்குமோ என்ற பயத்தால். முந்தின வருடக் கலவரத்தின் சேதிகள் அவள் காதில் அப்போதும் ஆறாமல் இருந்தன.

எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1956-ல் இலங்கையின் பிரதமரானார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பௌத்தராக மாறியவர். வந்த சில மாதங்களிலேயே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். தமிழர்கள் கொதித்தார்கள். 1957 ஜூலையில் செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். தமிழுக்குக் கொஞ்சம் இடம், பிரதேச சபைகள், மலையகத் தமிழரின் குடியுரிமையைச் சீக்கிரம் பரிசீலிப்பதாக ஒரு வாக்கு. 1958 ஏப்ரலில் பிக்குகள் அவருடைய ரோஸ்மீட் பிளேஸ் வீட்டின் முன் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் அன்றைக்கே செத்தது. அடுத்த மாதம் கலவரம். தமிழர்கள் வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் செத்துக்கொண்டிருந்தபோது அவசரநிலை அறிவிக்க அவருக்கு மே 27 வரை ஆனது.

1959 வாக்கில் அவரைத் தூக்கிப் பிடிக்க ஆளே இல்லை. தமிழர்களுக்கு அவர் வாக்குத் தவறியவர். பிக்குகளில் ஒரு பகுதியினருக்குப் போதாதவர். கூட்டணியிலிருந்த இடதுசாரி பிலிப் குணவர்தன மே மாதம் விலகிப் போய்விட்டார்.

செப்டம்பர் 25 காலை. வீட்டு வராந்தாவில் வழக்கம்போல ஜனங்கள் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தல்துவே சோமராமர் என்ற பிக்கு, கண் வைத்தியர். பிரதமர் மரபுப்படி அவரைக் கைகூப்பிக் குனிந்து வணங்கினார். அந்தச் சந்திப்பிலேயே பிக்கு காவியுடைக்குள்ளிருந்து ரிவால்வரை எடுத்துச் சுட்டார். பண்டாரநாயக்க மறுநாள் இறந்தார். இடையில் மருத்துவமனையிலிருந்து நாட்டு மக்களுக்கு ஒரு செய்தி சொல்லி எழுதவைத்தார். பிக்குவின் உடை அணிந்த ஒரு முட்டாள் மனிதன் தன்னைச் சுட்டுவிட்டதாகவும், அவன்மீது கருணை காட்டும்படியும், யாரும் பழிவாங்கக் கிளம்ப வேண்டாம் என்றும்.

அப்பாயிக்கு இந்தக் கடைசிப் பகுதி நன்றாக நினைவிருந்தது. "சுட்டவன ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொன்னாராம்" என்றாள். அதை நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

*

அன்றிலிருந்து கிட்டத்தட்டப் பத்து வருடம் இந்தக் கேள்வி என்னோடு இருந்தது. வேலைக்குப் போய், பெங்களூரில் ஓர் அறையில் இருந்துகொண்டு, பண்டாரநாயக்கவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உண்மையைச் சொன்னால் நான் தேடியது வரலாறு இல்லை. "அவரே விரும்பினார்" என்று சொல்ல ஓர் ஆதாரம்.

எனக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு தமிழனாக எனக்கு அவர்மேல் பிரியம் இல்லை. கொலையைக் கொண்டாடவும் மனசு வரவில்லை. "அவரே தன் தப்பை உணர்ந்து, அந்தச் சாவை ஏற்றுக்கொண்டார்" என்று கதை முடிந்துவிட்டால் இரண்டு சங்கடமும் தீர்ந்துவிடும். அவர் குற்றவாளி என்பதும் நிற்கும். நமக்கும் கொலையில் பங்கில்லை. கணக்கு நேராகிவிடும்.

ஆனால் ஆதாரம் எதிர்ப்பக்கம்தான் கிடைத்தது. சில நாட்களில் ஐ.நா. பொதுச்சபைக்காக நியூயார்க் கிளம்ப இருந்தவர் அவர். சாகக் காத்திருப்பவன் பெட்டி கட்டுவதில்லை. வாசலில் பெரிய காவல் இல்லை என்றால், அந்தக் காலத்து இலங்கையில் ஒரு பிரதமரின் வீட்டு வராந்தாவுக்கு யாரும் போகலாம் என்பதுதான் காரணம். பிக்குவைக் கண்டதும் குனிந்தார் என்றால், பிக்குவைக் கண்ட எந்த பௌத்தரும் அப்படித்தான் குனிவார்.

அப்புறம் அந்தச் செய்தி. பல தடவை யோசித்த பிறகுதான் அதில் ஒன்று கண்ணில் பட்டது. சுட்டவர் தமிழர் இல்லை, சிங்களர். அதிலும் பிக்கு. சதியின் பின்னணியில் இருந்ததாகத் தண்டிக்கப்பட்ட மாப்பிட்டிகம புத்தரக்கித்தர் களனி விகாரையின் தலைமை பிக்கு, 1956-ல் பண்டாரநாயக்கவின் வெற்றிக்கு ஓடியாடி உழைத்தவர். இந்தச் சேதி தெருவில் பரவினால், அடுத்த ஒரு மணி நேரத்தில் காவி கட்டிய எவன்மீதும் கல் விழலாம். வதந்தி திரும்பினால் தமிழன்மீதும் விழலாம். கருணை காட்டுங்கள் என்பது கொலையாளிக்கு எழுதிய நன்றிக் கடிதம் இல்லை. அது தெருவுக்குச் சொன்ன சொல். 1958-ல் ஐந்து நாள் தாமதமாக வந்த சொல், 1959-ல் வயிற்றில் குண்டோடு அன்றைக்கே வந்துவிட்டது.

அந்த ஒரு சொல் முந்தைய மூன்று வருடங்களை அழித்துவிடாது. எரிந்த வீடுகளுக்கும் அவருடைய படுக்கைக்கும் இடையில் அப்படியொரு பண்டமாற்று கிடையாது. நான் சொல்ல வருவது சின்ன விஷயம்: அவருடைய அமைதியைச் சாவின்மீதான ஆசை என்று வாசிக்க எந்த நியாயமும் இல்லை.

நாடு அவர் பேச்சைக் கேட்டதா என்றால், பாதி. மரண தண்டனையை 1958-ல் நிறுத்திவைத்தது அவருடைய அரசுதான். அவர் கொலையான கையோடு அது திரும்ப வந்தது. சோமராமரை 1962 ஜூலை 6 அன்று தூக்கில் போட்டார்கள்.

*

இந்தக் கதையை நாம் வேறெங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. திருக்கோவலூரில் இருந்து ஆண்ட மெய்ப்பொருள் நாயனார். போரில் அவரை ஜெயிக்க முடியாத முத்தநாதன், உடம்பெல்லாம் திருநீறு பூசி, கையில் ஓலைச்சுவடிக் கட்டோடு சிவனடியார் வேடத்தில் அந்தப்புரம் வரை வருகிறான். கட்டுக்குள் கத்தி. அரசர் அவனை உயர்ந்த ஆசனத்தில் உட்கார வைத்து, தான் கீழே அமர்ந்து வணங்குகிறார். குத்திவிடுகிறான். காவலன் தத்தன் வாளோடு பாய்கிறான். இவர் நம்மவர் என்று அரசர் தடுத்து, ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொல்கிறார்.

காவியும் திருநீறும் வேறு. ஒன்று பக்திக் காவியம், மற்றது போலீஸ் வழக்கு. ஆனால் உருவம் ஒன்றுதான்: வேடத்துக்குள் ஆயுதம், குனிந்த தலை, கொன்றவனுக்குப் பாதுகாப்பு.

சின்ன வயதில் கோயில் கதாகாலட்சேபத்தில் இதைக் கேட்டபோது, நாயனார் சாவை ஆசையோடு ஏற்றுக்கொண்டார் என்றுதான் புரிந்துகொண்டேன். இப்போது சேக்கிழார் சொல்லும் வரிசையைக் கவனித்தால் வேறு ஒன்று தெரிகிறது. குத்துப்பட்டவர் உடனே சாகவில்லை. தத்தன் போகிறான். வழியில் ஜனங்கள் ஆத்திரத்தோடு மறிக்கிறார்கள். அரசரின் ஆணை என்று சொல்லி அவர்களை விலக்கி, கொலைகாரனை எல்லையில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து சொல்கிறான். அதுவரை அரசர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார். அந்தச் சேதிக்காக. சாவை விரும்பியவர் இவ்வளவு பாடுபட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. அவருக்குச் சாவதற்கு முன் முடிக்க ஒரு வேலை இருந்தது. வேடத்தின்மேல் ஊர் வைத்திருக்கும் நம்பிக்கை தன் சாவோடு சாகக்கூடாது என்பது அந்த வேலை.

டைட்டஸ் மீட்டும் அப்படித்தான். அன்று நான் பாதியில் வெட்டிய பேச்சை இன்னொரு முறை விளையாடியபோது முழுதாகக் கேட்டேன். அவர் ஓர் உதவி கேட்கிறார். உன்னை ஏவியவன் எவனோ, கூலி வாங்கிய பிறகு அவனையும் கொன்றுவிடு. அந்த நிதானம் சரணாகதி இல்லை. கையில் எதுவுமே மிச்சமில்லாத பேரரசர், எதிரே நிற்கும் கத்தியையே தன் கடைசி ஆணைக்குக் கருவியாக்கப் பார்க்கிறார். ஒருவர் கருணை கேட்டார், ஒருவர் பாதுகாப்புக் கொடுத்தார், ஒருவர் பழி கேட்டார். மூன்று அமைதிக்கும் மூன்று வேலை. மூன்றிலும் "சாக ஆசை" என்ற ஒன்று மட்டும் இல்லை.

என் தொழிலில் இதற்கு ஒரு சாதாரண உதாரணம் உண்டு. புரோகிராம் எழுதும்போது, இந்த இடத்தில் பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சேர்த்தே எழுதுவோம். சர்வர் செத்தால் கணக்கைப் பத்திரப்படுத்து, பயனருக்குத் தகவல் சொல், பிறகு நில். இதை எழுதியவனுக்கு சர்வர் சாக வேண்டும் என்று ஆசை என யாரும் சொல்ல மாட்டார்கள். வரும் என்று தெரிந்திருப்பது வேறு. வந்தால் சமாளிக்கத் தயாராக இருப்பது வேறு. வர வேண்டும் என்று விரும்புவது முற்றிலும் வேறு. கோடில் நமக்கு இது தெளிவாகத் தெரிகிறது. மனிதர்கள் என்று வந்தால் மட்டும் மூன்றையும் குழப்பிக்கொள்கிறோம்.

குழப்பம் தற்செயலானதும் இல்லை. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தது. என் டீமில் ஒரு மூத்தவரைக் கூப்பிட்டு, நீங்களாக ராஜினாமா கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அந்த அறையில் நானும் இருந்தேன். மனுஷர் முகம் சுளிக்கவில்லை. "யார்கிட்ட ஹேண்டோவர் பண்ணணும்?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். டீம் மீட்டிங்கில் நான் சொன்னேன்: "அவரே கொஞ்ச நாள் பிரேக் எடுக்கணும்னுதான் இருந்தாராம்."

அப்படி அவர் என்னிடம் சொல்லவே இல்லை. அந்தப் பொய் யாருக்காக? அவருக்காக இல்லை. ஒரு வருடம் கழித்து ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தபோது மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஏதோ உளறினேன். "கத்தியிருந்தா ரிலீவிங் லெட்டர் வந்திருக்குமா தம்பி?" என்று சிரித்தார்.

சில நேரம் ஒருவர் உண்மையாகவே களைத்துப்போய் முடிவை வரவேற்கலாம். இல்லை என்று சொல்ல நான் யார். ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு. கத்தியைப் பிடித்திருப்பவனோ, பக்கத்தில் சும்மா நின்றவனோ சொல்லும்போது அது விளக்கம் இல்லை, தப்பித்தல். அவர் விரும்பியிருந்தாலும்கூட சோமராமரின் கணக்கில் ஒரு தோட்டா குறையப்போவதில்லை.

*

இனி, இதை நான் எழுதுவதற்கான காரணம்.

பண்டாரநாயக்க இறந்த மறுவருடம் அவர் மனைவி சிறிமாவோ பிரதமரானார். 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியோடு ஓர் ஒப்பந்தம். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாடற்றவர்களாக நின்ற மலையகத் தமிழர்கள் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த மீதியை 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். தேயிலையை நிறுத்துப் பிரிப்பது மாதிரி. பேச்சில் அந்த ஜனங்களுக்கு இடமே இல்லை. இதைப் போல வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பிற்பாடு அதுவே டேன்டீ ஆனது.

அப்பாயி 1974-ல் வந்தாள். அட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. கையில் எட்டு வயது அப்பா.

ஊரில் எங்களைச் "சிலோன்காரங்க" என்பார்கள். கல்லூரி ஹாஸ்டலில் ஒருத்தன் "அகதியாடா நீ?" என்று கேட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அகதி இல்ல. ஒப்பந்தத்துல பேரு பதிஞ்சு, விரும்பி வந்தவங்க" என்றேன். அதை ஒரு கௌரவமாக நினைத்தேன். எங்கே போனாலும் அதையே சொன்னேன். அப்பாயியும் அந்தக் கதையை மறுத்ததில்லை. அவள் கோச்சி ஏறிய கதையைச் சொல்லும்போது அட்டன் ஸ்டேஷனில் ஊரே கட்டிப்பிடித்து அழுததைச் சொல்வாள். தான் அழவில்லை என்பதையும் சொல்வாள். அதைத்தான் நான் ஆதாரமாக வைத்திருந்தேன்.

அந்த மழை ராத்திரியில், பண்டாரநாயக்கா பேச்சு முடிந்ததும், லேப்டாப் அணைந்துவிட்டது. அடுப்பு வெளிச்சம்தான். தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தாள். நான் சும்மா பேச்சு வளர்க்கக் கேட்டேன்: "நீயும்தான் அழுவல. ஒனக்கும் இங்க வர ஆசைதான?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"யாருக்குடா ஆசை? எங்கம்மா அங்க. அக்கா அங்க. எங்கப்பன பொதச்ச எடம் அங்க." தணலைக் குச்சியால் தள்ளினாள். "பேரு பதியப் போனப்ப, விருப்பத்தோடதான் போறியான்னு கேட்டாங்க. ஆமாம்னேன். இல்லன்னா மட்டும்? ஒங்கப்பன் என் முந்தானைய புடிச்சிக்கிட்டே நிக்கிறான். நான் அழுதா அவன் அழுவான். அவன் அழ ஆரம்பிச்சா என்னால கோச்சியில கால எடுத்து வைக்க முடியாது. அதான் அழுவல."

அவ்வளவுதான் சொன்னாள். பாத்திரத்தைக் கழுவ எழுந்துவிட்டாள்.

அன்றைக்கு எனக்கு அது முழுதாக உறைக்கவில்லை. ஒருவரின் அமைதியைப் பார்த்ததும் "அவருக்கு விருப்பம்" என்று முடித்துவிடுவது எவ்வளவு சுலபம், அந்த முடிவால் எத்தனை பேர் கை கழுவிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் ஓர் அலுவலக அறையில் நானே அதைச் செய்த பிறகுதான் புரிந்தது. இரண்டு அரசுகளும் சுத்தம். ஒப்பந்தம் சுத்தம். பதிவேட்டில் "ஆமாம்" இருக்கிறது. அந்த "ஆமாம்" முந்தானையைப் பிடித்து நின்ற ஒரு பையனுக்காகச் சொல்லப்பட்டது என்று எழுத அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது.

ஒருவர் கத்தாமல் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, அவர் இதை விரும்பினாரா என்பது இல்லை. இந்த அமைதி யாருக்காக? தெருவுக்காகவா, வேடத்துக்காகவா, பழிக்காகவா, ஒரு கடிதத்துக்காகவா, ஒரு குழந்தைக்காகவா? விடை தெரியாமல் போகலாம். ஆனால் அந்தக் கேள்வி கத்தியை நம் கையிலிருந்து மறைத்துவிடாது.

அப்பாயி 2019-ல் இறந்தாள். இங்கேதான் தேயிலைக்கு மேல்புறத்தில் புதைத்தோம். அப்பா அன்றைக்கு அழவே இல்லை. காரியத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் என் காதில், "வயசாயிருச்சு, கெழவியும் போகணும்னுதான் இருந்துச்சு" என்றார்.

"அப்படின்னு ஒங்ககிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டேன்.